ராஜா போனார், ரூம் வாடகை வந்தது!



"இந்தத் தடவை பாலம், அணைக்கட்டு, கான்கிரீட் என்று எழுதி அறுக்காதே, எல்லோரும் படிக்கிற மாதிரி ஏதாவது எழுது" என்று மலர்க் குழுவிலிருந்து அன்புக் கட்டளை. சரி, அரண்மனைகளைப் பற்றி எழுதிவிடுவோம் என்று முடிவு செய்தேன். அரண்மனை யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் ஒரு எச்சரிக்கை. நான் சிவில்காரன். தர்பார் மண்டபத்துக்குள் போனால் எல்லோரும் சரவிளக்கைப் பார்ப்பார்கள். நான் அதற்கு மேலே கூரையில் ஈரக்கறை இருக்கிறதா என்று பார்ப்பேன். ஆகவே இது கொஞ்சம் ராஜாக்களின் கதை, நிறையக் கூரைகளின் கதை.

வேலை நிமித்தமாக மூன்று வருடங்கள் ராஜஸ்தானில் இருந்தேன். அந்த ஊரில் ஹோட்டல் போர்டு மாட்டாத கோட்டையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்! சிலவற்றில் தங்கினேன், சிலவற்றில் டீ மட்டும் குடித்தேன் (ஒரு டீயின் விலையைச் சொன்னால் நம்ம கேன்டீன்காரர் மயங்கி விழுந்துவிடுவார்). ராஜாக்கள் வாழ்ந்த வீட்டில் காசு கொடுத்தால் யார் வேண்டுமானாலும் படுக்கலாம் என்கிற நிலைமை எப்படி வந்தது என்று துருவ ஆரம்பித்தேன். அது நம் நாட்டின் 20-ஆம் நூற்றாண்டுச் சரித்திரத்தையே பின்வாசல் வழியாகப் பார்ப்பது போல இருந்தது.

முதல் ஆள் ஜெய்ப்பூர்

1947-ல் சுதந்திரம் வந்தபோது சமஸ்தானங்கள் இந்தியாவோடு இணைந்தன. 1949-ல் ராஜபுதன சமஸ்தானங்கள் சேர்ந்து ராஜஸ்தான் ஆயின. ஜெய்ப்பூர் மகாராஜா இரண்டாம் சவாய் மான்சிங் புதிய மாநிலத்துக்கு 'ராஜப்பிரமுகர்' ஆனார்; கிட்டத்தட்ட கவர்னர் மாதிரியான பதவி. 1956-ல் அரசியல் சட்டத்தின் ஏழாவது திருத்தம் அந்தப் பதவியையே எடுத்துவிட்டது.

பதவி போனது, வீடு இருந்தது. அதுவும் சாதாரண வீடா? ராம்பாக் மாளிகை 1835 வாக்கில் ஒரு தோட்ட வீடாக ஆரம்பித்து, வேட்டை மாளிகையாகி, பிறகு ராஜாவே குடியேறுகிற அளவுக்கு வளர்ந்தது. வளர்த்தவர்களில் ஒருவர் ஸ்விண்டன் ஜேக்கப் என்ற இன்ஜினியர். ஜெய்ப்பூர் மராமத்து இலாகாவில் பல வருடங்கள் இருந்தவர். இவ்வளவு பெரிய வீட்டை இனி எதற்குக் கட்டி மேய்ப்பது? மான்சிங் 1957-ல் ராம்பாக்கை ஹோட்டலாக்கினார். சமஸ்தான காலத்து அரண்மனைகளில் ஹோட்டலாகும் துணிச்சல் முதலில் வந்தவற்றில் இது ஒன்று. ராஜா வீட்டில் ரூம் வாடகையா என்று அன்றைக்கு மூக்கில் விரல் வைத்தவர்கள் இருந்திருப்பார்கள். மகாராணி காயத்ரி தேவி பிற்காலத்தில் அதே வளாகத்தில் 'லில்லி பூல்' என்ற சின்ன வீட்டில் வாழ்ந்து 2009-ல் காலமானார்.

இதே மான்சிங் 1965-ல் ஸ்பெயின் நாட்டுக்கு இந்தியத் தூதராகப் போனார். இங்கே அவர் குடும்பம் தன் சொந்த முயற்சியில் செய்த காரியத்தை அங்கே அரசாங்கமே செய்துகொண்டிருந்தது. ஸ்பெயின் அரசாங்கம் 1928-ல் 'பாரதோர்' என்ற பெயரில் விடுதிகளைத் திறக்க ஆரம்பித்து, 1930-ல் ஒரோபெசா என்ற ஊரின் பழைய கோட்டையை விடுதியாக்கியது. பாழடைந்த கோட்டையும் மடமும் அங்கே அரசு விடுதிகள் ஆயின. நம் நாட்டில் அரசாங்கம் மானியத்தை நிறுத்தியது. பாரத்தைக் குடும்பங்கள் சுமந்தன. இந்த வித்தியாசத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் உதவும்.

தண்ணீரில் நின்ற தலைவலி

அடுத்தது உதய்பூர். பிச்சோலா ஏரிக்கு நடுவே வெள்ளைவெளேரென்று மிதக்கிற மாளிகையைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். 1743 முதல் 1746 வரை மகாராணா இரண்டாம் ஜகத்சிங் கட்டிய ஜக் நிவாஸ் அது. கோடைக்காலத்துக் கேளிக்கை மாளிகை. (உதய்பூர் அரசர்களுக்கு 'மகாராணா' என்றுதான் பட்டம், ராணி என்று நினைத்துவிட வேண்டாம்.)

ஏரி நடுவில் கட்டிடம் என்றால் கவிஞருக்குக் கொண்டாட்டம், இன்ஜினியருக்குத் திண்டாட்டம். அஸ்திவாரத்திலிருந்து ஈரம் சுவரில் ஏறும். கூடவே உப்பும் ஏறும். ஈரம் காய்ந்த இடத்தில் உப்பு பூத்து, சுண்ணாம்புப் பூச்சைத் தள்ளிவிடும். நம்ம ஹாஸ்டல் தரைத்தள ரூம் சுவர் ஞாபகம் இருக்கிறதா? அதேதான், சலவைக்கல் சகிதமாக! ராஜ குடும்பம் வருவது குறைய, மாளிகை நனைந்து நனைந்து பாழாகிக்கொண்டிருந்தது.

1955-ல் பட்டத்துக்கு வந்த மகாராணா பகவத்சிங் இதை ஹோட்டலாக்குவது என்று தீர்மானித்து 1963-ல் நடத்தியும் காட்டினார். உள் அலங்கார ஆலோசனைக்கு அவர் நாடியவர் டீடி கான்ட்ராக்டர். அந்த அம்மையாரின் பெயரைக் கட்டிடக்காரர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். இங்கே சலவைக்கல் மாளிகையில் வேலை செய்தவர், பின்னாளில் இமாசலப் பிரதேசத்தின் காங்க்ரா பகுதிக்குப் போய் மண், மூங்கில், ஸ்லேட் கல் கொண்டு வீடுகள் கட்டிப் பெயர் வாங்கினார். 2021-ல் காலமானார்.

ஒரு தீவில் ஹோட்டல் நடத்துவதென்றால் என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள். மணலும் சுண்ணாம்பும் குழாயும் மெத்தையும் படகில்தான் போகணும். சமையல் சாமானும் படகில். குப்பையும் கழிவும் எங்கே போகும் என்பதற்குப் பதில் இருக்கணும்; ஏரியில் விடலாமா? 1971-ல் நிர்வாகம் தாஜ் குழுமத்திடம் போனது. 1983-ல் வெளிவந்த ஜேம்ஸ் பாண்ட் படம் 'ஆக்டோபஸி' மாளிகையை உலகம் முழுக்கக் காட்டிவிட்டது. இரண்டு நூற்றாண்டுக்கு மேல் உதய்பூர் அறிந்த மாளிகை, இரண்டு மணி நேரத்தில் உலகத்துக்குத் தெரிந்தது!

மானியம் நின்ற வருடம்

சமஸ்தானங்கள் இணைந்தபோது, ராஜாக்களுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை தருவதாக இந்திய அரசு ஒப்புக்கொண்டது. அதுதான் மன்னர் மானியம். 1970-ல் இதை ஒழிக்கும் மசோதா ராஜ்யசபாவில் மயிரிழையில் தோற்றது. உடனே ஜனாதிபதி உத்தரவு மூலம் ராஜாக்களின் அங்கீகாரம் ரத்தானது. அந்த உத்தரவை உச்ச நீதிமன்றம் அதே வருடம் டிசம்பரில் செல்லாது என்றது. 1971 தேர்தலில் இந்திரா காந்தி பெரும் வெற்றி பெற்றார். அந்த வருடக் கடைசியில் 26-வது திருத்தம் மானியத்தை ஒரேயடியாக முடித்துவிட்டது.

மக்களாட்சியில் ஒருவருக்குப் பிறப்பால் சம்பளம் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் சட்டம் ராஜாவைப் பார்த்ததே தவிர, கட்டிடத்தைப் பார்க்கவில்லை. பட்டத்தை ரத்து செய்யலாம், மழையை ரத்து செய்ய முடியுமா? இதற்கு முன்பே 1952-ல் ராஜஸ்தான் ஜாகீர் ஒழிப்புச் சட்டம் வந்து, சின்னச் சின்ன டாக்கூர்களின் நிலவருமானம் போயிருந்தது. (டாக்கூர் என்றால் ராஜாவுக்குக் கீழே சில ஊர்களை ஆண்டவர், நம் பக்கத்துப் பாளையக்காரர், ஜமீன்தார் மாதிரி.) இவர்களுக்கு மன்னர் மானியமும் கிடையாது. ஊருக்கு ஒரு கோட்டை, கோட்டைக்கு நூறு ஓட்டை!

பஞ்சத்தில் எழுந்த மாளிகை

இந்தக் கதையில் என்னை ரொம்பப் படுத்துகிற கட்டிடம் ஜோத்பூரின் உமைத் பவன்.

1920-களில் மார்வார் பகுதியில் மழை பொய்த்துப் பஞ்சம் வந்தது. ஜனங்களுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று மகாராஜா உமைத்சிங் 1929-ல் சித்தார் குன்றின் மேல் ஒரு மாபெரும் அரண்மனைக்கு அஸ்திவாரம் போட்டார். பஞ்ச நிவாரண வேலை நமக்குப் புதிதல்ல. சென்னையில் அடையாறையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்த் துண்டு 1877-78 பஞ்சத்தில் இப்படித்தான் வெட்டப்பட்டது. ஆனால் கால்வாயில் ஊர் பூராவும் படகு விடலாம்; அரண்மனையில் ஒரு குடும்பம்தானே இருக்கும் என்ற கேள்வி வரும். அது வரட்டும், அதற்கும் வருகிறேன்.

கட்டிடக் கலைஞர் ஹென்றி வான் லாஞ்செஸ்டர். இந்தப் பெயர் நமக்குத் தூரம் இல்லை. சென்னை நகர அமைப்பைப் பற்றி 1918-ல் ஒரு புத்தகம் வெளியிட்டவர் இவரே. மெக்கானிக்கல் நண்பர்களே, எழுந்து உட்காருங்கள்: ஆரம்பகால மோட்டார் காரிலும் விமானம் பறக்கும் தத்துவத்திலும் பெரிய பெயரான ஃபிரடெரிக் லாஞ்செஸ்டர் இவருடைய தம்பி!

347 அறைகள். உச்சியில் நூறடிக்கும் மேல் உயர்ந்த கும்மட்டம். இரண்டாயிரம், மூவாயிரம் பேர் வேலை செய்தார்கள். மணற்கல் பாளங்களை ஒன்றுக்குள் ஒன்று பொருந்துகிற மாதிரி செதுக்கி, இடையில் சாந்து இல்லாமல் அடுக்கியிருக்கிறார்கள். சாந்து போட்டுக் கட்டினால் சின்னத் தப்புகளைச் சாந்து மறைத்துவிடும். இதில் எதையும் மறைக்க முடியாது. ஒரு கல்லில் இம்மி பிசகினால் மேல் வரிசை முழுக்கக் காட்டிக்கொடுக்கும். நான் அந்தச் சுவரில் விரல் நகத்தை நுழைக்கப் பார்த்தேன். நுழையவில்லை.

வேலை முடிய 1943 ஆனது. நடுவில் உலக யுத்தம் வேறு. லண்டனிலிருந்து வந்த நாற்காலி மேஜைகள் கப்பலோடு கடலில் மூழ்கின. போலந்திலிருந்து யுத்தத்துக்குத் தப்பி வந்த ஸ்டெஃபான் நோர்ப்ளின் என்ற ஓவியர் உள் அலங்காரத்தை ஏற்று, ராமாயணக் காட்சிகளைச் சுவரில் தீட்டினார். அகதியாக வந்த ஒரு ஐரோப்பியர், பஞ்சத்தில் எழுந்த மாளிகையில், ராமனின் வனவாசத்தை வரைகிறார்! கற்பனைக் கதை எழுதுகிறவர்கூட இவ்வளவு தூரம் போகத் தயங்குவார்.

14 வருடம் கட்டினார்கள். எத்தனை வருடம் ராஜா வாழ்ந்தார் தெரியுமா? நான்கு. 1947 ஜூனில், சுதந்திரத்துக்கு இரண்டு மாதம் முன்பு, உமைத்சிங் காலமானார். மகன் ஹன்வந்த்சிங் 1952 ஜனவரியில் விமான விபத்தில் இறந்தார். பேரன் கஜ்சிங்குக்கு அப்போது நான்கே வயது. அந்தப் பேரன் வளர்ந்து வந்து, 1970-களில் அரண்மனையின் ஒரு பகுதியை ஹோட்டலாக்கினார். 2005-ல் அதுவும் தாஜ் நிர்வாகத்துக்கு வந்தது. ஒரு பக்கம் குடும்பம், ஒரு பக்கம் ஹோட்டல், ஒரு பக்கம் டிக்கெட் வாங்கிப் பார்க்கிற மியூசியம் என்று மூன்றாகப் பிரிந்து நிற்கிறது.

இடிபாட்டில் ஒரு பாடம்

பெரிய அரண்மனைக்குப் பெரிய கம்பெனி வரும். சின்னக் கோட்டைகள்? அவற்றுக்கு வழி காட்டியது டெல்லி-ஜெய்ப்பூர் சாலையை ஒட்டிய நீம்ரானா. 15-ஆம் நூற்றாண்டில் சௌஹான் வம்சத்தார் குன்றின் சரிவில் அடுக்கடுக்காகக் கட்டிய கோட்டை. முகப்பு சரிய ஆரம்பித்ததால் 1947-ல் ராஜா கீழே ஊருக்குள் குடிவந்துவிட்டார். நாற்பது வருடம் அது வெறும் இடிபாடு. 1986-ல் அமன் நாத், ஃபிரான்ஸிஸ் வாஸ்ஸியார் என்ற இருவரும் நண்பர்களோடு சேர்ந்து அதை வாங்கினார்கள். கொஞ்சம் அறைகளைச் சரி செய்து 1991-ல் திறந்தார்கள். அதில் வந்த வருமானத்தில் அடுத்த அறைகள், பிறகு அடுத்த அடுக்கு என்று கட்டிடத்தை மீட்டார்கள். மொத்தப் பணமும் கையில் வந்த பிறகுதான் ஆரம்பிப்பேன் என்று காத்திருந்தால் கோட்டை காத்திருக்காது.

அரசாங்கமும் வழி விட்டது. 1950-க்கு முன் கட்டப்பட்ட கோட்டை, மாளிகை, ஹவேலிகளில் நடக்கும் விடுதிகளுக்குப் 'பாரம்பரிய விடுதி' என்று தனி வகை ஏற்பட்டது.

அப்படி ஒரு டாக்கூர் குடும்பத்துக் கோட்டையில் நான் நான்கு நாள் தங்கினேன். ஊர் பெயர் வேண்டாம். எட்டே அறைதான் வாடகைக்கு. வீட்டுப் பெரியவருக்கு எழுபது வயதுக்கு மேல். வேலைக்காரர்கள் அவரை 'ஹுக்கும்' என்று கூப்பிட்டார்கள். நான் சிவில் இன்ஜினியர் என்று தெரிந்ததும் அவர் ரூமைக் காட்டவில்லை, நேரே மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனார்!

"பார் பேட்டா, இந்த மூலையில்தான் அரசமரம் முளைக்கும். வெட்டுவோம், திரும்ப முளைக்கும். என் அப்பா காலத்தில் ஒரு கான்டிராக்டர் சிமெண்ட் பூசிவிட்டுப் போனார். அடுத்த மழையில் உள்சுவர் ஊறிப்போச்சு."

எனக்குப் புரிந்தது. சுண்ணாம்புக் கட்டிடம் மூச்சு விடும். உள்ளே போன ஈரம் பூச்சு வழியாகவே வெளியே வந்துவிடும். அதன் மேல் சிமெண்ட்டை அப்பினால் ஈரம் உள்ளேயே தங்கிக் கல்லை அரிக்கும். இது நம் கோயில் பிராகாரத்துக்கும் பொருந்தும், தாத்தா கட்டிய வீட்டுக்கும் பொருந்தும். அங்கே சுவருக்கு 'அராயிஷ்' என்று ஒரு பூச்சு: சுண்ணாம்பும் சலவைக்கல் தூளும் சேர்த்துத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்குவது. தொட்டுப் பார்த்தபோது நம் செட்டிநாட்டுச் சுவர்தான் ஞாபகம் வந்தது.

"விற்றுவிடலாமே என்று யாரும் சொல்லவில்லையா?" என்று கேட்டேன்.

"கோட்டையை யாரும் கேட்கவில்லை. கதவைக் கேட்டார்கள், தூணைக் கேட்டார்கள், ஜன்னலைக் கேட்டார்கள்" என்று சிரித்தார். "எட்டு ரூம் வாடகையில் நாங்கள் பணக்காரர் ஆகவில்லை. ஆனால் வருஷா வருஷம் மழைக்கு முன்னால் கூரைக்குச் சுண்ணாம்பு வாங்க முடிகிறது."

இதுதான் நான் கண்ட விஷயம். ஹோட்டல் என்பது வேறொன்றும் இல்லை, மராமத்துக்கு ஒரு வழி. தினமும் யாராவது தங்கினால் தினமும் யாராவது குழாயைத் திறப்பார்கள், கதவை மூடுவார்கள், "மேலே சொட்டுது" என்று புகார் செய்வார்கள். ஆள் இல்லாத கட்டிடத்தில் புகார் செய்ய யாரும் இல்லை. அது சத்தமில்லாமல் செத்துப்போகும்.

மறுபக்கம்

எல்லாம் நன்மைதானா? இல்லை. மூன்றடிச் சுவரைக் குடைந்து குளியலறைக் குழாய் போகும்போது ஒரு சின்னக் கசிவு போதும், கீழே இருக்கும் ஓவியம் காலி. பாலைவனத்தில் தொட்டிக் குளியலுக்கும் நீச்சல் குளத்துக்கும் தண்ணீர் எந்த ஊரின் கணக்கில் எடுக்கிறார்கள்? கூட்டம் வருகிறதென்று பழையதைப் போலவே புதிதாகக் கட்டி ஒட்டவைத்தால் எது சரித்திரம், எது செட்டிங் என்று பேரப்பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்?

எல்லாவற்றையும் விட இன்னொன்று. உமைத் பவனில் ராஜா பெயர் இருக்கிறது, கலைஞர் பெயர் இருக்கிறது, ஓவியர் பெயர்கூட இருக்கிறது. அந்தப் பஞ்சத்தில் கல் சுமந்து கூலி வாங்கிப் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றிய ஆயிரக்கணக்கானவர்கள் ஒரு எண்ணிக்கையாக மட்டும் நிற்கிறார்கள். அவர்களுடைய பேரன் அங்கே தங்க வாடகை கொடுக்க முடியாது. மியூசியம் டிக்கெட் வேண்டுமானால் வாங்கலாம். ஸ்பெயினில் அரசாங்கமே நடத்துவதால் கோட்டை ஊருக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ளலாம். இங்கே அப்படி இல்லை. அதனால்தான் ஜோத்பூரில் ஒரு பக்கத்தையாவது மியூசியமாகத் திறந்து வைத்தது எனக்குப் பெரிய காரியமாகப் படுகிறது. எந்த அரண்மனை ஹோட்டலானாலும் ஊரார் உள்ளே வர ஒரு கதவு திறந்திருக்கணும்.

நமக்கு என்ன?

ராஜஸ்தான் கதை நமக்கெதற்கு என்கிறீர்களா? நம் நண்பர்கள் பலருக்கு ஊரில் பழைய வீடு இருக்கிறது. முற்றம், திண்ணை, தேக்குத் தூண், மேலே ஓடு. பங்காளிகள் பதினாறு பேர். சாவி ஒருவரிடம், சண்டை எல்லோரிடமும். கடைசியில் வீட்டைப் பிரித்துத் தூணையும் கதவையும் எடைக்குப் போடுகிறார்கள். காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் நிற்கிற ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு வீடு இருந்தது. அதே செட்டிநாட்டில் சில வீடுகள் விடுதியாகி, விளக்கெரிந்து நிற்கின்றன. எல்லா வீடும் ஹோட்டலாக முடியாது, ஆகவும் வேண்டாம். பள்ளிக்கூடமோ, நூலகமோ, கல்யாண வீடோ ஆகட்டும். யாராவது அதில் புழங்கிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவே.

இன்ஜினியர்களாகிய நாம் இதற்குக் கொஞ்சம் கை கொடுக்கலாம். "இடிச்சுட்டு அப்பார்ட்மென்ட் கட்டலாமா?" என்று உறவினர் கேட்டால், உடனே சதுர அடிக் கணக்குப் போடாமல், ஒருமுறை மாடி ஏறிக் கூரையைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். எத்தனையோ வீடுகளை இடிக்க வைப்பது அடைத்துக்கொண்ட ஒரு தூம்புக் குழாய்தான்.

அரண்மனை ஹோட்டலில் தங்கும் யோகம் வந்தால், வரவேற்பில் மூன்று கேள்வி கேளுங்கள். கூரைக்குச் சுண்ணாம்பா, சிமெண்டா? தண்ணீர் எங்கிருந்து வருகிறது? இதைக் கட்டியவர்கள் எந்த ஊர்க்காரர்கள்? முதல் இரண்டுக்கு யாராவது பதில் சொல்லிவிடுவார்கள். மூன்றாவதை நிறையப் பேர் கேட்டால், ஒருநாள் அந்தப் பதிலையும் தேடி எழுதி வாசலில் மாட்டுவார்கள்.